ஊர்ப்பெயரைச் சட்டையில் போட்டவர்கள்: அயர்லாந்தின் கேலிக் சங்கம்

1884 நவம்பர் 1, சகல புனிதர் திருநாள். அயர்லாந்தின் டிப்பெரரி மாவட்டத்தில் தர்லஸ் என்ற சந்தை நகரம். அங்கே ஹேய்ஸ் ஓட்டலின் பில்லியர்ட்ஸ் அறையில் பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு கூட்டம். முன்கூட்டியே ஊரறிய அழைப்பு விட்டும் வந்து சேர்ந்தவர்கள் ஏழே பேர் என்பது வழக்கமான கணக்கு. இன்னும் சிலர் இருந்தார்கள் என்பாரும் உண்டு. ஒரு பள்ளி வாத்தியார், ஊரறிந்த ஒரு தடகள வீரர், இரண்டு பத்திரிகைக்காரர்கள், ஒரு கட்டட கான்ட்ராக்டர், ஒரு வக்கீல், ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டர். அந்தப் போலீஸ்காரரை மறந்துவிடாதீர்கள். கதையில் அவர் திரும்ப வருவார்.

அன்று பிறந்ததுதான் அயர்லாந்தின் சொந்த ஆட்டங்களான ஹர்லிங்கையும் கேலிக் கால்பந்தையும் நடத்தும் கேலிக் தடகளச் சங்கம். அயர்லாந்தில் யாரும் முழுப்பெயர் சொல்வதில்லை, ஜி.ஏ.ஏ. என்றால் போதும். ஐந்து மில்லியனுக்குச் சற்று மேல் மக்கள் வாழும் குடியரசும் அதன் வடக்கே பிரிட்டனோடு இருக்கும் ஆறு மாவட்டங்களும் சேர்ந்த ஒரு சின்னத் தீவு. அதில் ஈராயிரத்துக்கும் மேற்பட்ட கிளப்புகள், லட்சக்கணக்கில் உறுப்பினர்கள். டப்ளினில் 82,300 பேர் அமரக்கூடிய க்ரோக் பார்க் மைதானம் சங்கத்தின் சொந்தச் சொத்து. அங்கே இறுதிப் போட்டி ஆடும் வீரருக்குச் சம்பளம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை எண்பதாயிரம் பேர் முன்னால் ஆடியவர் மறுநாளோ அதற்கடுத்த நாளோ வகுப்பறையில் கணக்குப் பாடம் நடத்துவார், அல்லது மாட்டுக்குத் தீவனம் வைப்பார்.

ஊர்ச் சங்கங்கள் நம்மிடமும் நிறைய உண்டு. பொங்கலுக்குப் பொங்கல் விழித்துக்கொண்டு, உறியடியும் கபடியும் நடத்தி, கோப்பை கொடுத்துவிட்டு அடுத்த தை வரை தூங்கப் போகும். இந்தச் சங்கம் 140 ஆண்டாகத் தூங்கவில்லை. எதனால் என்று பார்க்கத்தான் இந்த ஆய்வு.

வாத்தியாரின் பெயர் மைக்கேல் குசாக். கிளேர் மாவட்டத்தின் பாறைப் பூமியில் பிறந்தவர். டப்ளினில் அரசுத் தேர்வுகளுக்குப் பையன்களைத் தயார் செய்யும் பயிற்சிப் பள்ளி நடத்தினார். பிரிட்டிஷ் அரசாங்க வேலைக்கு ஆள் தயாரித்துக் கொடுத்தவர்தான் பிரிட்டிஷ் விளையாட்டை எதிர்த்துச் சங்கம் கண்டார். அவரே ரக்பியும் கிரிக்கெட்டும் ஆடியவர். அவரை உறுத்தியது வேறு. அன்றைய தடகளப் போட்டிகள் கனவான்களின் கையில் இருந்தன. கைத்தொழிலாளி, கூலிக்காரன் என்றால் பல இடங்களில் களத்துக்குள் கால் வைக்க முடியாது. ஏழைக்கு ஓய்வுள்ள ஒரே நாளான ஞாயிற்றுக்கிழமையில் விளையாட்டு நடக்காது. இன்னொரு பக்கம், 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள், அதே அளவுக்குக் கப்பலேறிப் போனார்கள். ஆள் போன ஊரில் ஆட்டம் ஏது? மட்டையும் பந்துமாக ஊருக்கு ஊர் ஆடிய ஹர்லிங் சில வட்டாரங்களில் மட்டும் மூச்சை இழுத்துக்கொண்டு கிடந்தது.

குசாக்குக்கு வாய்த் துடுக்கு அதிகம். சங்கம் தொடங்கி இரண்டு வருஷம் முடிவதற்குள் செயலாளர் பதவியிலிருந்து தூக்கிவிட்டார்கள். ஆனால் அவரும் முதல் தலைவர் மோரிஸ் டேவினும் போட்ட அடித்தளம் நின்றது. அந்த அடித்தளம் பங்கு.

தமிழ்க் கத்தோலிக்கர்களுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. ஒரு கோவில், ஒரு பங்குத்தந்தை, அவருக்குட்பட்ட சில கிராமங்கள், அவ்வளவுதான் பங்கு. சங்கம் பெரும்பாலும் இந்த எல்லையையே கிளப்பின் எல்லையாக எடுத்துக்கொண்டது. பங்குக்கு ஒரு கிளப், அதற்கு மேல் மாவட்டம், அதற்கு மேல் மாகாணம், உச்சியில் அகில அயர்லாந்துப் போட்டி. நீ எந்த ஊரோ அந்த ஊருக்குத்தான் ஆடுவாய். குடிபெயர்ந்தால் மாற வழியுண்டு. நல்ல அணி என்பதற்காகப் பக்கத்து ஊருக்குத் தாவ முடியாது, உன்னை விலைக்கு வாங்கவும் ஆள் கிடையாது. உன் அப்பா எந்த நிறச் சட்டையில் தோற்றாரோ அதே நிறச் சட்டையில் நீயும் தோற்பாய்.

கேட்கச் சிறுபிள்ளைத்தனமாக இருக்கலாம். இந்தச் சங்கத்தின் உயிர்முடிச்சு இதில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். பண்பாட்டைக் காப்போம் என்று கூடிய சங்கங்கள் உலகெங்கும் எத்தனையோ, பெரும்பாலானவை ஆண்டு மலரோடு முடிந்துபோயின. இவர்கள் பண்பாட்டைப் பக்கத்து ஊரின் மேலுள்ள பொறாமையோடு முடிச்சுப் போட்டுவிட்டார்கள். பண்பாட்டுக்காக மழையில் நனைய நாலு பேர் வருவார்கள். பக்கத்து ஊரைத் தோற்கடிக்க ஊரே வரும்.

வழி நேராக இருந்துவிடவில்லை. முதல் அகில அயர்லாந்துப் போட்டிகள் 1887ஆம் ஆண்டுக்குரியவை. ஹர்லிங் இறுதிப் போட்டி 1888 ஏப்ரல் 1 அன்றுதான் பர் என்ற ஊரில் நடந்தது. டிப்பெரரி வென்றது. அதே ஆண்டு இலையுதிர்காலத்தில் அமெரிக்காவுக்கு ஐம்பது பேரளவில் ஒரு படையே காட்சி ஆட்டங்களுக்குப் போனது. வசூல் படுத்துவிட்டது, திரும்பி வரக் காசில்லாமல் தவித்தவர்களுக்கு நில உரிமைப் போராட்டத் தலைவர் மைக்கேல் டேவிட் 450 பவுண்டு கடன் கொடுத்து உதவினார். போனவர்களில் பலர் திரும்பவே இல்லை, அங்கேயே தங்கிவிட்டார்கள். பிறகு அயர்லாந்துக்குத் தன்னாட்சி கேட்டுப் போராடிய தலைவர் பார்னெல்லின் சொந்த வாழ்க்கை விவகாரத்தில் நாடு இரண்டுபட்டபோது சங்கமும் இரண்டுபட்டது. 1890களின் தொடக்கத்தில் கிளப்புகள் கொத்துக் கொத்தாக மூடப்பட்டன. அதிலிருந்து எழுந்து, 1913இல் டப்ளின் ஜோன்ஸ் சாலையில் இருந்த மைதானத்தை 3,500 பவுண்டுக்கு வாங்கி, சங்கத்தின் புரவலரான பேராயர் க்ரோக்கின் பெயரை அதற்கு வைத்தார்கள்.

1918இல் பிரிட்டிஷ் நிர்வாகம் போட்டி நடத்த அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும் என்றது. சங்கம் கூட்டம் போட்டுக் கண்டனத் தீர்மானம் நிறைவேற்றிக்கொண்டு உட்காரவில்லை. ஆகஸ்ட் 4, பிற்பகல் மூன்று மணிக்கு நாடெங்கும் ஒரே நேரத்தில் ஆட்டம் வையுங்கள், யாரும் சீட்டு வாங்காதீர்கள் என்று ஓலை விட்டது. ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஆடினார்கள் என்பது அன்றைய மதிப்பீடு. மைதானத்தை அடைத்த இடங்களில் தெருவில் ஆடினார்கள். அத்தனை பேரை எந்தச் சிறையில் அடைப்பது? சீட்டு விவகாரம் அதோடு போயிற்று.

இரண்டு ஆண்டு கழித்து வந்ததுதான் இந்தச் சங்கத்தின் நினைவில் ஆறாத புண்.

1920 நவம்பர் 21, ஞாயிறு. விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்தது. அன்று காலை விடுதலைப் படையின் உளவுத் தலைவர் மைக்கேல் காலின்ஸின் ஆட்கள் டப்ளினில் பிரிட்டிஷ் உளவாளிகளின் வீடுகளுக்குள் புகுந்து சுட்டார்கள். பிற்பகல் க்ரோக் பார்க்கில் டிப்பெரரிக்கும் டப்ளினுக்கும் கேலிக் கால்பந்து. ஆட்டம் தொடங்கிச் சில நிமிஷங்களில் போலீசும் துணைப்படையும் உள்ளே நுழைந்து கூட்டத்தை நோக்கிச் சுட்டன. ஒன்றரை நிமிஷம்தான். பதினான்கு உயிர் போனது. மதில்மேல் உட்கார்ந்து பார்த்த ஜெரோம் ஓலியரிக்குப் பத்து வயது. மரத்தில் ஏறியிருந்த வில்லியம் ராபின்சனுக்குப் பதினொன்று. டிப்பெரரி அணியின் மைக்கேல் ஹோகன் களத்திலேயே விழுந்தார். கறிக்கடையில் வேலை பார்த்த ஜேன் பாயில், தனக்கு நிச்சயமானவரோடு ஆட்டம் பார்க்க வந்திருந்தாள். அடுத்த சில நாளில் கல்யாணம். ஓடும் கூட்டத்தில் கையைப் பிடித்திருந்தவருக்குப் பிடி நழுவியது. கல்யாணத்துக்குத் தைத்த உடையிலேயே அவளை அடக்கம் செய்தார்கள் என்பார்கள்.

சங்கம் இதை மறக்கவில்லை. 1920களிலேயே மைதானத்தின் ஒரு பார்வையாளர் மாடத்துக்கு ஹோகனின் பெயர் வைத்தாயிற்று. இன்றும் கோப்பையைத் தூக்கிக் காட்டுவது அந்த ஹோகன் மாடத்தின் படியில் நின்றுதான். நாட்டில் சின்னக் குழந்தைக்கும் அந்தப் பெயர் தெரியும். ஆனால் மற்ற பதின்மூன்று பேர்? பார்க்க வந்தவர்கள், எந்த அணியின் பட்டியலிலும் பெயர் இல்லாதவர்கள். அவர்களில் எட்டுப் பேரின் கல்லறையில் பெயர்க்கல்கூட இல்லை. ஜேன் பாயிலின் கல்லறை டப்ளின் கிளாஸ்னெவின் கல்லறைத் தோட்டத்தில் தொண்ணூற்றைந்து வருஷம் வெறும் புல்லாகக் கிடந்தது. 2015இல்தான் சங்கம் குடும்பங்களைத் தேடிக் கண்டுபிடித்து ஒவ்வொன்றாகக் கல் நட ஆரம்பித்தது.

கூட்டு நினைவைக் காக்கும் சங்கத்துக்குக்கூட நினைவு எப்படி வேலை செய்கிறது, பாருங்கள். வீரனுக்கு மாடம், வேடிக்கை பார்த்தவளுக்குப் புல். ஆனால் பிந்தியாவது கணக்கை நேர் செய்தார்கள். அந்த வேலை நன்றாகவே நடந்தது. 2020இல் நூற்றாண்டு வந்தபோது கொரோனா, மைதானத்தில் ஒரு பார்வையாளர் இல்லை. இருட்டிய பிறகு பதினான்கு பேர்களையும் வாசித்து, பேருக்கொரு பந்தம் ஏற்றினார்கள். மறுநாள் டிப்பெரரி அணி, 1920இல் ஆடியவர்களின் வெள்ளை பச்சைச் சட்டையை அணிந்து கார்க் அணியை வென்றது. மன்ஸ்டர் மாகாணக் கால்பந்துப் பட்டம் அந்த மாவட்டத்துக்கு 1935க்குப் பிறகு அன்றுதான் கிடைத்தது. அந்த வருஷம் நாலு மாகாணப் பட்டங்களையும் வென்ற டப்ளின், மேயோ, கேவன், டிப்பெரரி என்ற நாலு மாவட்டங்களும் 1920இல் வென்ற அதே நாலு. கதையில் எழுதினால் பதிப்பாசிரியர் வெட்டிவிடுவார்.

இனி தடைகளுக்கு வருவோம். இந்தச் சங்கத்தைப் புகழ்கிறவர்கள் இந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்டிவிடுகிறார்கள்.

இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி, உறுப்பினர் யாரும் உலகம் ஆடும் சாக்கர் கால்பந்து, ரக்பி, கிரிக்கெட், ஹாக்கி போன்ற ‘அந்நிய’ ஆட்டங்களை ஆடக் கூடாது, பார்க்கவும் கூடாது. யார் பார்க்கப் போகிறார்கள் என்று கண்காணிக்கக் குழுக்களே இருந்தன. 1938இல் டக்ளஸ் ஹைட் நாட்டின் ஜனாதிபதி. அழிந்துகொண்டிருந்த ஐரிஷ் மொழியை மீட்க 1893இல் கேலிக் லீக் கண்டவர்களில் முதன்மையானவர், சங்கத்தின் புரவலர். ஜனாதிபதி என்ற முறையில் அயர்லாந்தும் போலந்தும் மோதிய சர்வதேசக் கால்பந்துப் போட்டிக்குப் போனார். சங்கம் அவரைப் புரவலர் பதவியிலிருந்து நீக்கியது. மொழிக்காக ஆயுளைக் கொடுத்த மனிதரை, தொண்ணூறு நிமிஷம் ஆட்டம் பார்த்ததற்கு! 1971இல் அந்தத் தடையை எடுத்தார்கள். ஆட்டம் அழிந்துவிடும் என்று பயந்தவர்கள் இருந்தார்கள். அழியவில்லை.

இன்னொரு விதி, வடக்கே பிரிட்டிஷ் ராணுவத்திலும் போலீசிலும் இருப்பவர்களைச் சேர்ப்பதில்லை என்றது. இதை வெளியிலிருந்து சுலபமாகத் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. வட அயர்லாந்தின் வன்முறைக் காலத்தில் கிராஸ்மக்லென் கிளப்பின் நிலத்தில் ஒரு பகுதியை ராணுவம் எடுத்துக்கொண்டது. ஆட்டம் நடக்கும் நடுவில் தலைக்கு மேல் ஹெலிகாப்டர் இறங்கும். 1997 மே மாதத்தில் பெல்லாகி கிளப்பின் தலைவர் ஷான் பிரவுன், இரவில் கிளப் கேட்டைப் பூட்டிக்கொண்டிருந்தபோது பிரிட்டன் ஆதரவு ஆயுதக் குழு கடத்திப்போய்க் கொன்றது. அறுபத்தோரு வயது மனிதர். கூட்டம் முடிந்ததும் கடைசியாக விளக்கை அணைத்துப் பூட்டுகிற ஆள் எல்லா ஊர்ச் சங்கத்திலும் ஒருவர் இருப்பாரே, அவர்தான். இப்படிப்பட்ட ஊர்களிடம் போய் ‘பழையதை மறந்துவிடுங்கள்’ என்று யார் சொல்வது? ஆனாலும் 2001 நவம்பரில் அந்த விதியும் போயிற்று. வடக்கின் புதிய போலீசார் அணி அமைத்து, 2002இல் தெற்கின் போலீசாரோடு கேலிக் கால்பந்து ஆடினார்கள்.

அவர்கள் ஆடும் கோப்பைக்கு இன்று தாமஸ் செயின்ட் ஜார்ஜ் மெக்கார்த்தியின் பெயர். தர்லஸ் பில்லியர்ட்ஸ் அறையில் இருந்த அந்தப் போலீஸ் இன்ஸ்பெக்டர்தான். 1882இல் அயர்லாந்துக்காக ரக்பி ஆடியவர். அதாவது, பின்னாளில் வந்த விதிகளின்படி பார்த்தால், சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் அதில் உறுப்பினராகவே ஆகியிருக்க முடியாது. ஒரு முறைக்கு இரண்டு முறை! 1943இல் இறந்த அவருடைய கல்லறையிலும் கல் இல்லை. 2009இல், 125ஆம் ஆண்டில்தான் நட்டார்கள்.

மூன்றாவது தடை, க்ரோக் பார்க்கில் மற்ற ஆட்டங்களை விடுவதில்லை என்பது. டப்ளினின் ரக்பி மைதானத்தை இடித்துக் கட்ட வேண்டி வந்தபோது, 2005 மாநாட்டில் 227க்கு 97 என்று வாக்களித்து அதைத் தளர்த்தினார்கள். 2007 பிப்ரவரி 24 அன்று அதே புல்லில் இங்கிலாந்து ரக்பி அணி நின்றது. 1920இல் சுட்டவர்களின் அரசர் யாரோ அவருடைய வாரிசுக்கான கீதம் ஒலித்தது. கூட்டம் மரியாதையாக நின்று கேட்டது. பிறகு அயர்லாந்து 43-13 என்று இங்கிலாந்தைப் புரட்டி எடுத்தது. மரியாதைக்கும் அளவு உண்டல்லவா.

சங்கத்தின் கலைப் பக்கம் வெளியே அதிகம் தெரியாதது. 1969இல் தொடங்கிய ‘ஸ்கோர்’ என்ற போட்டி குளிர்காலத்துக்குரியது. மைதானம் சேறாகக் கிடக்கும் மாதங்களில் அதே கிளப், அதே ஊர்ப்பெயரோடு நடனம், தனிப்பாட்டு, வாத்தியம், கதை சொல்லல், நையாண்டி நாடகம், வினாடி வினா என்று களமிறங்கும். இங்கேயும் கிளப், மாவட்டம், மாகாணம், அகில அயர்லாந்து என்று அதே ஏணி. பந்தடிக்க வராத பிள்ளையும் ஊர்ச் சட்டை போடலாம் என்ற யோசனை கெட்டிக்காரத்தனமானது.

பெண்கள் விஷயத்தில் அவ்வளவு கெட்டிக்காரத்தனம் இல்லை. பெண்களின் ஹர்லிங்கான கமோகிக்கு 1904இல் தனிச் சங்கம், பெண்கள் கேலிக் கால்பந்துக்கு 1974இல் இன்னொன்று. ஒரே ஊர், ஒரே குடும்பம், மூன்று நிர்வாகம். மைதானம் யாருக்கு முதலில் என்ற கேள்வி வந்தால் பெரும்பாலும் பெண்கள்தான் காத்திருந்தார்கள். மூன்றையும் 2027க்குள் ஒன்றாக்குவதாக இலக்கு வைத்து, முன்னாள் ஜனாதிபதி மேரி மெக்அலீஸ் தலைமையில் பேச்சு நடத்தினார்கள். நூறு வருஷத்துக்கு மேல் தாமதம்.

மட்டையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனமில்லை. ஹர்லிங் மட்டைக்கு ஹர்லி என்று பெயர், ஆஷ் மரத்தில் செய்வது. எந்தத் துண்டிலும் செய்துவிட முடியாது. அடிமரம் வேரோடு சேருமிடத்தில் விரிந்து வளையுமே, அந்த ஒரு மீட்டர் சொச்சத்தில்தான் நல்ல மட்டை இருக்கிறது. மரத்தின் நார் வேரை நோக்கித் தானாக வளைந்திருப்பதால், மட்டையின் வளைவிலும் நார் அறுபடாமல் ஓடும். நேர்ப் பலகையிலிருந்து அந்த வடிவத்தை அறுத்தால் முதல் மோதலிலேயே பிளந்துபோகும். மட்டை செய்கிறவர் மரத்தை வெட்டும் முன்னே மண்ணைப் பறித்து வேர் போகும் திசையைப் பார்ப்பார். இந்த மரத்துக்குத்தான் இப்போது கேடு. கிழக்காசியப் பூஞ்சை ஒன்று, இறக்குமதியான கன்றுகள் வழியாக வந்து 2012இல் அயர்லாந்தில் கண்டுபிடிக்கப்பட்டது. ஆஷ் காடுகள் நுனியிலிருந்து கருகிக்கொண்டு வருகின்றன. 2018இல் யுனெஸ்கோ ஹர்லிங்கை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. மட்டை இப்போது வெளிநாட்டு மரத்திலும் மூங்கிலிலும் வருகிறது. மூங்கில் மட்டை நன்றாகவே ஆடுகிறதாம். பழைய ஆட்கள் சத்தம் சரியில்லை என்கிறார்கள்.

மரத்தைவிடப் பெரிய கேடு ஊருக்கு. எந்தப் பங்கு எல்லை சங்கத்தை வாழ வைத்ததோ அது இப்போது நெரிக்கிறது. மேற்குக் கடற்கரைக் கிராமங்களில் பள்ளியில் பிள்ளை இல்லை. பிழைப்பு டப்ளினில், இல்லையென்றால் சிட்னியில். டப்ளின் புறநகரிலோ ஒரே கிளப்பில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள், ஆட இடம் போதவில்லை. மேற்கிலோ ஓர் அணிக்கு வேண்டிய பதினைந்து பேர் தேறவில்லை. விதியைத் தளர்த்தி ஆள் கொடுக்கலாம். ஆனால் ஊர்ப்பையனே இல்லாத அணியை ஊர் எதற்குப் பார்க்க வர வேண்டும்? தடைகளைக் கைவிட்டபோது இவர்கள் எதையும் இழக்கவில்லை. இதைக் கைவிட்டால் இழப்பார்கள் என்பது அவர்களுக்கே தெரியும். அதனால்தான் இத்தனை தயக்கம்.

இப்போதைக்கு நடப்பது அரைகுறை ஏற்பாடு. தலைமுறைகளாக அடித்துக்கொண்ட இரண்டு ஊர்கள் சிறுவர் அணியை மட்டும் சேர்த்துக்கொள்கின்றன. முதல் சண்டை சட்டை நிறத்தில் வரும். இரண்டு நிறமும் இல்லாமல் மூன்றாவது ஒன்று. அடுத்தது பெயர். எந்த ஊர்ப்பெயரும் வேண்டாம் என்று ஒரு புனிதர் பெயரோ இரண்டுக்கும் பொதுவான ஆற்றின் பெயரோ வைப்பார்கள். பெரியவர்கள் அணியைச் சேர்க்கும் பேச்சு எழுந்தால் அறை அமைதியாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை ஆள் குறைந்தால் நாற்பது தாண்டிய யாராவது ஒருவர், முழங்கால் வலியை மனைவியிடம் சொல்லாமல், பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு கோல் கம்பத்துக்குக் கீழே போய் நிற்பார்.